வெயில் எழுதிய கணக்கு

கிழக்கு பிரான்ஸில், பர்கண்டி வட்டாரத்தின் நடுவே போன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்த நகரத்து நோத்ர தாம் தேவாலயத்துக்குத் திராட்சைத் தோட்டங்கள் சொந்தமாக இருந்தன. ஆண்டுதோறும் பழம் பறிக்க ஆள் அமர்த்தினார்கள், கூலி கொடுத்தார்கள், கொடுத்ததைக் கணக்கில் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு வானிலையைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை. எந்த நாள், எத்தனை ஆள், எவ்வளவு காசு என்பது தெரிந்தால் போதும். வெப்பமானி என்ற கருவி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே தொடங்கிய எழுத்து அது.

2019-ல் தோமா லாபே என்ற வரலாற்று ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தக் கூலிக் கணக்குகளையும், நகர மன்றத்தின் பதிவேடுகளையும், பிற்காலச் செய்தித்தாள்களையும் ஒன்றாகக் கோத்தார்கள். 1354 முதல் 2018 வரை போன் நகரில் திராட்சை அறுவடை எந்த நாளில் தொடங்கியது என்ற நீண்ட வரிசை அதிலிருந்து உருவானது. மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் தேதிகளின் பட்டியல். உண்மையில் ஆறரை நூற்றாண்டுகளின் இளவேனிலும் கோடையும் எவ்வளவு வெம்மையாக இருந்தன என்று சொல்லும் அரிய சாட்சி.

ஒரு தேதிக்குள் ஒரு கோடை எப்படி அடங்கும்? விடை திராட்சைக் கொடியிடம் இருக்கிறது. கொடிக்குள் நாட்காட்டி கிடையாது. எவ்வளவு வெப்பம் கிடைக்கிறதோ அந்த வேகத்தில்தான் அது துளிர்க்கும், பூக்கும், பழுக்கும். வெயில் மிகுந்த ஆண்டில் பழம் முந்தும்; குளிர்ந்த ஆண்டில் பிந்தும். ஏப்ரலிலிருந்து பட்ட வெம்மை முழுவதையும் கொடி கூட்டிக்கொண்டே வருகிறது. அறுவடை நாள்தான் அந்தக் கூட்டுத்தொகை. ஆனால் அந்தத் தொகைக்கு வந்து சேரும் வழி நேர்வழி அல்ல. அந்த வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் வானம் வேறொரு முகத்தோடு நிற்கிறது.

ஒரே சரிவு, ஒரே ரகம்

பர்கண்டியின் புகழ்பெற்ற தோட்டங்கள் கோட் டோர் என்ற சுண்ணாம்புக்கல் சரிவில் இருக்கின்றன. டிஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கும் அந்தச் சரிவின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அகலமோ பல இடங்களில் ஓரிரு கிலோமீட்டரைத் தாண்டாது. பெரும்பகுதி கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் நேராக விழுந்து, இரவில் குளிர்ந்த மண்ணைச் சீக்கிரம் சூடேற்றும். இடைக்காலத் துறவிகள் தொடங்கி தலைமுறை தலைமுறையாக மக்கள் இந்தச் சரிவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மண்ணையும் வெயிலையும் தனித்தனியே அறிந்து வைத்தார்கள். 2015-ல் யுனெஸ்கோ இந்த நிலத்துண்டுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் ரகம், வெள்ளை ஒயினுக்கு ஷார்டனே ரகம். 1395-லேயே பர்கண்டியின் கோமகன் துணிவுமிக்க பிலிப், அதிக மகசூல் தரும் காமே ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். பினோவின் தரமே அவருக்குப் பெரிதாகப் பட்டது. பிரான்ஸின் மேற்கில் உள்ள போர்டோ வட்டாரத்தில் முன்னே பின்னே பழுக்கும் பல ரகங்களைக் கலந்து ஒயின் செய்வார்கள். ஒரு ரகம் மழையில் கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். பர்கண்டியில் அந்தக் காப்பு இல்லை. ஒரே ரகம், ஒரே சரிவு, பாசனமும் கிடையாது. மண்ணில் இறங்கிய மழைதான் தண்ணீர். எனவே வானிலை செய்வதெல்லாம் மறைக்க வழியின்றி ஒயினுக்குள் வந்துவிடும். புட்டியின் மேல் ஆண்டை அச்சிடுவதற்கும், அந்த ஆண்டைப் பார்த்து விலை ஏறி இறங்குவதற்கும் காரணம் இதுவே.

பினோ நுவார் கூச்ச சுபாவமுள்ள ரகம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான சராசரி வெப்பநிலை சுமார் 14 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் அது தன் முழு மணத்தோடு பழுக்கும். அதற்குக் கீழே பழம் புளித்தே நிற்கும். மேலே போனால் மணம் மங்கிச் சர்க்கரை மட்டும் மிஞ்சும். இரண்டு டிகிரிக்குள் வாழும் ஒரு செடி, வானிலை மாற்றத்தை வேறெந்தப் பயிரையும்விடச் சீக்கிரம் சொல்லிவிடும்.

குளிர்காலம் தரும் உறக்கம்

கதை தொடங்குவது அறுவடை முடிந்த பின்பு வரும் குளிரில். நவம்பரில் இலை உதிர்ந்ததும் கொடி உறங்கிவிடும். வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் அடுத்த இளவேனில் வரை அதன் இருப்பு. இந்த உறக்கம் வீணல்ல. மொட்டுகள் போதிய அளவு குளிரைப் பெற்றால்தான் பின்னர் வெப்பம் வரும்போது ஒன்றாகக் கண் திறக்கும். இந்த மாதங்களில்தான் தோட்டக்காரர்கள் கையில் கத்தரியோடு வரிசை வரிசையாகக் கவாத்து செய்கிறார்கள். திராட்சை விவசாயிகளின் காவலராகக் கருதப்படும் புனித வின்சென்ட்டின் நாள் ஜனவரி 22 அன்று வருவதும் கவாத்துக் காலத்தில்தான்.

குளிர் செய்யும் வேலை என்ன என்பது, குளிர் இல்லாத இடத்தைப் பார்த்தால் விளங்கும். நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் இதே தாவர இனம்தான். அங்கே கொடியை உறங்க வைக்கும் குளிர்காலம் இல்லை. எப்போது காய்க்க வேண்டும் என்பதை விவசாயியின் கவாத்துக் கத்தரியே தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். பர்கண்டியிலோ நிலநடுக்கோட்டிலிருந்து 47 பாகை வடக்கே, ஆண்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. கொடியை நிறுத்துவதும் எழுப்புவதும் பருவத்தின் கையில்.

உறங்கும் மொட்டுக்குள் இன்னொரு செய்தியும் பொதிந்திருக்கிறது. இந்த ஆண்டு எத்தனை பூங்கொத்து வரும் என்பது இந்த ஆண்டு முடிவாவதில்லை. சென்ற ஆண்டின் கோடைத் தொடக்கத்தில், கொடியின் இலைக்கணுக்களில் மொட்டு உருவானபோதே நுண்ணிய பூங்கொத்துக் கருக்கள் அதற்குள் அமைந்துவிட்டன. அப்போது நல்ல வெயிலும் வெம்மையும் இருந்திருந்தால் கருக்கள் மிகுதி. மழையும் இருளுமாக இருந்திருந்தால் குறைவு. ஆக, ஒவ்வோர் அறுவடைக்குள்ளும் இரண்டு ஆண்டுகளின் வானம் இருக்கிறது. மோசமான கோடை ஒன்று, தான் கடந்துபோன பிறகும் அடுத்த ஆண்டின் குலைகளைக் குறைத்துவிடும்.

ஏப்ரல் இரவுகள்

மார்ச்சில் மண் சற்றே சூடேறியதும் வேர் நீரை மேலே தள்ளத் தொடங்கும். கவாத்து செய்த வெட்டு நுனிகளில் நீர் சொட்டுச் சொட்டாக வடியும். பின்னர் நாளின் சராசரி வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி நிலைக்கும்போது, பொதுவாக ஏப்ரலில், பஞ்சு போர்த்திய மொட்டு பிளந்து இளந்துளிர் வெளியே வரும். ஆண்டின் மிக ஆபத்தான வாரங்கள் இவைதான். மூடிய மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். திறந்த துளிரில் நீர் நிரம்பியிருப்பதால் சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி போனாலே கருகிவிடும்.

உறைபனி வரும் இரவு அழகான இரவு. மேகம் இருக்காது, காற்று அசையாது, விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்ப மேகம் இல்லை. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். விடியலுக்குச் சற்று முன்பு குளிர் உச்சத்தைத் தொடும். சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் தோட்டங்கள் தொன்றுதொட்டு உயர்ந்த தரத்தவை என்று பெயர் பெற்றதற்கு மண்ணின் வடிகால், வெயிலின் கோணம் இவற்றோடு இந்தக் குளிர்காற்று தங்காமல் வழிந்துவிடுவதும் ஒரு காரணம்.

அந்த இரவுகளில் ஊர் உறங்குவதில்லை. ஹெக்டேருக்கு 300 முதல் 400 வரை பாரஃபின் மெழுகு நிரப்பிய வாளிகளை வரிசைகளுக்கிடையே வைத்துக் கொளுத்துகிறார்கள். சில இடங்களில் பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டு, மேலே இருக்கும் சற்று வெம்மையான காற்றைக் கீழே இழுக்கிறார்கள். வடக்கே ஷாப்லி பகுதியில் கையாளும் முறை கேட்பதற்கு வியப்பாக இருக்கும்: உறையும் இரவில் கொடிகளின் மேல் நீரைத் தெளிக்கிறார்கள். நீர் துளிரின் மேல் பட்டு உறைகிறது. ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. தெளிப்பு நிற்காதவரை அந்த வெப்பம் துளிரைச் சுழியத்தை ஒட்டியே வைத்திருக்கும். வெளியே சுழியத்துக்குக் கீழே சில டிகிரி போனாலும், கண்ணாடி போன்ற பனிக்கட்டிக்குள் பச்சைத் துளிர் உயிரோடு இருக்கும். நடுவில் நீர் நின்றுவிட்டால் எல்லாம் போய்விடும். காலை வெயிலில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக் கூடாது.

2016 ஏப்ரலின் இறுதியில் வந்த உறைபனி வழக்கத்தை மீறியது. பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட நடுச்சரிவுத் தோட்டங்களும் கருகின. ஈரம் தங்கியிருந்த துளிர்கள் இரவில் உறைய, மேகமற்ற வானிலிருந்து விழுந்த காலை வெயில் மிச்சத்தையும் பொசுக்கியது. உலகின் மிக விலை உயர்ந்த வெள்ளை ஒயின்களைத் தரும் மோன்ராஷே தோட்டத்தில் அந்த ஆண்டு கிடைத்த பழம் மிகச் சொற்பம். அங்கே நிலம் வைத்திருக்கும் பண்ணைகளில் ஏழு, தனித்தனியே ஒயின் செய்ய இயலாமல், தங்கள் பழத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒயினாகச் செய்தன. மறு ஆண்டு ஏப்ரலில் அதே அச்சம் வந்தபோது, அண்டை அயலார் சேர்ந்து ஈர வைக்கோல் கட்டுகளைக் கொளுத்தி, சரிவு முழுவதும் புகையைப் பரப்பி, விடியல் வெயில் உறைந்த துளிரில் நேராகப் படாமல் தடுத்தார்கள்.

ஜூனில் ஒரு வாரம்

உறைபனியைத் தாண்டிய துளிர் வேகமாக நீளும். ஜூன் தொடக்கத்திலோ நடுவிலோ கொடி பூக்கும். திராட்சைப் பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாத சின்னப் பூ. இதழ்கள் ஒன்றாக ஒட்டி ஒரு தொப்பியாகப் பூவை மூடியிருக்கும். வெம்மையும் உலர்ந்த காற்றும் இருந்தால் தொப்பி கழன்று விழும். உள்ளே ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால் வண்டும் தேனீயும் வராவிட்டாலும் மகரந்தம் சேர்ந்துவிடும்.

அந்த ஒன்றிரண்டு வாரங்களில் குளிர்மழை பிடித்துக்கொண்டால் தொப்பி ஈரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும், மகரந்தம் கழுவிப்போகும். பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். பிடித்த பிஞ்சுகளிலும் பல விதையின்றிச் சிறுத்தே நிற்கும். ஒரே குலையில் பெரிதும் சிறிதுமாகக் காய்கள் இருக்கும். மகசூல் குறைந்தாலும் சிறு காய்களில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடுதல். நிறமும் மணமும் தோலில்தான் இருக்கின்றன. ஆகவே மோசமான பூப்பருவம் சில நேரம் செறிவான ஒயினைத் தந்துவிடுகிறது.

பூத்த நாளிலிருந்து நூறு நாளில் அறுவடை என்பது இந்த ஊரின் பழைய கணக்கு. ஜூன் நடுவில் பூத்தால் செப்டம்பர் கடைசியில் கத்தரி. வெயிலைப் பொறுத்து நாட்கள் கூடும், குறையும். ஆனாலும் பூத்த தேதி தெரிந்துவிட்டால் பறிப்புக்கு ஆள் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடலாம்.

மழையும் கல்லும்

கோடை தொடங்கியதும் பூஞ்சைகளின் முறை. 1878-ல் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்கு வந்து சேர்ந்த அடிச்சாம்பல் நோய், மழை ஈரத்தில் பெருகி இலையையும் பிஞ்சையும் தின்றுவிடும். நோயைத் தூண்டும் நிலைமையைத் தோட்டக்காரர்கள் மூன்று பத்துகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 10 சென்டிமீட்டர் நீளத் துளிர். மூன்றும் கூடினால் முதல் தாக்குதலை எதிர்பார்க்கலாம். இதற்கு மருந்தாகத்தான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880-களில் பிரான்ஸில் உருவானது. இன்று நம் ஊர் விவசாயிகள் பல பயிர்களுக்குத் தெளிக்கும் அதே கலவைதான். 2024-ல் இளவேனிலும் கோடையும் விடாமல் மழை பெய்ததால் பர்கண்டியில் இந்த நோய் பெரும் மகசூல் இழப்பை ஏற்படுத்தியது.

ஆலங்கட்டி மழை வேறு வகைக் கொடுமை. அது வட்டாரம் முழுவதற்கும் வராது. ஒரு குறுகிய பட்டையாக வந்து, பத்து நிமிடத்தில் இலையைக் கிழித்து, காயைப் பிளந்துவிட்டுப் போய்விடும். 2012, 2013, 2014 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொம்மார், வொல்னே போன்ற ஊர்கள் அந்தப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டன. அதன்பின் வெள்ளி அயோடைடுத் துகள்களை மேகத்துக்குள் அனுப்பி, கல் பெரிதாகாமல் தடுக்க முயலும் கருவிகளை வட்டாரமெங்கும் நிறுவினார்கள்.

நிறம் திரும்பும் நாட்கள்

பழைய வழக்கப்படி ஆகஸ்டில் காய் நிறம் திரும்பும். அதுவரை அது கெட்டியான, கடும் புளிப்புள்ள பச்சைக் காய். அதன்பின் சில வாரங்களில் அதற்குள் நடப்பது பெரிய வேதியியல். தோல் மென்மையாகும். இலைகள் ஆக்கிய சர்க்கரை காய்க்குள் பாயத் தொடங்கும். பினோ நுவாரின் தோலில் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் சேர்ந்து கருஞ்சிவப்பு ஏறும். விதை பச்சையிலிருந்து பழுப்பாகும்.

இதே நேரத்தில் புளிப்பு குறைகிறது. திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உண்டு. டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாலிக் அமிலத்தையோ பழமே சுவாசத்தில் எரித்துவிடும். வெப்பம் கூடக் கூட எரிப்பு வேகமாகும். இரவு குளிர்ந்தால் எரிப்பு மெதுவாகி, புளிப்பு மிஞ்சும். சர்க்கரையும் வேண்டும், புளிப்பும் வேண்டும், மணமும் வேண்டும் என்றால் பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள, நாள் சுருங்கத் தொடங்கிய செப்டம்பர்தான் ஏற்ற மாதம். பர்கண்டியின் புகழ் இந்த ஒத்திசைவில் பிறந்தது. பழம் பழுக்கக்கூடிய எல்லையின் விளிம்பில் இருக்கும் நிலம், ஆண்டு மெதுவாக முடியும்போது பழத்தை மெதுவாகப் பழுக்க வைத்தது.

கடும் வெயிலில் இந்த ஒத்திசைவு குலைகிறது. சாற்றில் லிட்டருக்கு 17 கிராம் அளவு சர்க்கரை கூடினால் ஒயினில் ஆல்கஹால் ஒரு சதவீதம் கூடும். வெப்பத்தில் சர்க்கரை ஓடுகிறது. தோலும் விதையும் அதே வேகத்தில் முதிர்வதில்லை. மிகுந்த வெப்பம் நிறமி உருவாவதையும் தடுக்கும். இனிப்பைப் பார்த்துப் பறித்தால் மணம் முதிர்ந்திருக்காது. மணத்துக்காகக் காத்திருந்தால் புளிப்பு எரிந்துபோய், ஆல்கஹால் ஏறிவிடும்.

பறிக்கும் நாளை முடிவு செய்வது இந்த ஆண்டுக் கணக்கின் கடைசி வரி. தோட்டக்காரர்கள் சர்க்கரையை அளக்கிறார்கள், புளிப்பை அளக்கிறார்கள். பிறகு வரிசைக்குள் நடந்து, பழத்தை வாயில் போட்டுத் தோலையும் விதையையும் மென்று பார்க்கிறார்கள். ஒரு கண் வானத்தில் இருக்கும். பினோவின் குலை நெருக்கமானது. செப்டம்பர் மழை அதற்குள் இறங்கினால் பழம் ஊதி, சாறு நீர்த்து, சாம்பல் அழுகல் ஒரு பழத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். மூன்று நாள் காத்திருந்தால் பழம் இன்னும் சிறக்கலாம், மூன்று நாளில் கெட்டும் போகலாம்.

பழைய காலத்தில் இந்த முடிவு தனிமனிதனுடையது அல்ல. ஊரின் பெரியவர்கள் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, அறுவடை நாளைக் குறித்து அறிவிப்பார்கள். அதற்கு முன் யாரும் பறிக்கக் கூடாது. எல்லாரும் ஒன்றாகப் பறித்தால் திருட்டைத் தடுப்பதும், தேவாலயத்துக்குரிய பங்கை வசூலிப்பதும் எளிது. விஞ்ஞானத்துக்கு இது எதிர்பாராத கொடையாக அமைந்தது. பதிவான தேதி ஒருவருடைய விருப்பமாக இல்லாமல், ஊரே சேர்ந்து பழத்தைப் பார்த்துச் செய்த மதிப்பீடாக நின்றுவிட்டது.

தேதிகளைப் படித்தவர்கள்

இந்தத் தேதிகளின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அல்ஃபிரெட் ஆங்கோ என்ற பிரெஞ்சு வானிலை அறிஞர். 1880-களில் அவர் பிரான்ஸ் முழுவதிலிருந்தும் அறுவடைத் தேதிகளைத் திரட்டினார். 1967-ல் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் லெ ருவா லாதுரி, ஆயிரமாம் ஆண்டு முதலான தட்பவெப்பத்தின் வரலாற்றைப் பற்றிய தன் நூலில், அரசர்களும் போர்களும் இல்லாத வரலாற்றை இந்தத் தேதிகளிலிருந்தும் பனிப்பாறைகளின் அசைவிலிருந்தும் எழுதிக் காட்டினார்.

தேதிகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. போர் வந்தால் பறிக்க ஆள் இருக்காது. மக்களின் சுவை மாறி, நன்கு கனிந்த பழம் வேண்டும் என்றால் நாள் தள்ளிப்போகும். ஓர் ஊர்த் தேதியை இன்னோர் ஊர்த் தேதியோடு ஒட்டவைத்தால் பிழை நுழையும். எனவேதான் லாபே குழுவினர் பழைய அச்சுப் பட்டியல்களை விட்டுவிட்டு மூல ஆவணங்களுக்கே போனார்கள். கிடைத்த வரிசையைப் பாரிஸ் நகரில் 1659 முதல் கிடைக்கும் வெப்பநிலை அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். கூலிக் கணக்கும் வெப்பமானியும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

இப்போது அந்த வரிசை பேசுகிறது. ஐரோப்பா முழுவதும் ஆறுகள் வற்றிய 1540-ன் கொடும் வறட்சி அதில் தெரிகிறது. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசும் கந்தகமும் வெயிலை மறைத்ததால் கோடையே வராமல் போன 1816-ல் பழம் பறிக்க அக்டோபர் வரை காத்திருந்ததும் தெரிகிறது. மிக முந்திய அறுவடைகள் என்று 33 ஆண்டுகளைத் தனியே எடுத்தால், 21 ஆண்டுகள் 1393-க்கும் 1719-க்கும் இடையே வருகின்றன. 1720-லிருந்து 2002 வரை வந்தவை ஐந்தே ஐந்து. அதாவது கடும் வெயில் ஆண்டுகள் முன்பும் இருந்தன, ஆனால் எப்போதோ வந்துபோகும் விருந்தாளிகளாக. 1354-லிருந்து 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988-லிருந்து 2018 வரையிலான சராசரி அதைவிட 13 நாள் முந்துகிறது. 2003-ல் ஆகஸ்டிலேயே பறித்தார்கள். 2018, 2020, 2022 என ஆகஸ்ட் அறுவடை இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. விதிவிலக்கு வழக்கமாகிவிட்டது.

அறுந்துபோன முடிச்சு

தேதி முந்தியது மட்டுமே செய்தி என்றால் இது பாதிக் கதைதான். 2016-ல் பெஞ்சமின் குக், எலிசபெத் வோல்கோவிச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து வட்டாரங்களின் அறுவடைத் தேதிகளை 1600 முதல் 2007 வரை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றாண்டுகளாக ஒரு விதி மாறாமல் இருந்தது: அறுவடை மிக முந்த வேண்டுமென்றால் அந்த ஆண்டு வறட்சியும் வந்திருக்க வேண்டும்.

காரணம் மண்ணில் இருக்கிறது. மண்பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகிப் பானைத் தண்ணீரைக் குளிரவைக்கிறது அல்லவா, ஈரமான நிலமும் அப்படித்தான். வெயிலின் ஆற்றலில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், காற்று அவ்வளவு சூடேறாது. மண் உலர்ந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஆற்றல் முழுவதும் காற்றைச் சூடாக்கும். எனவே முன்பு கடும் வெப்பம் வேண்டுமென்றால் மண் முதலில் வறள வேண்டியிருந்தது. 1981-க்குப் பிறகு இந்த முடிச்சு தளர்ந்துவிட்டது என்று அவர்கள் கண்டார்கள். மண்ணில் ஈரம் இருக்கும்போதே கோடை சூடாகிறது, வறட்சி இல்லாத ஆண்டிலும் அறுவடை முந்துகிறது. வளிமண்டலத்தின் அடிப்படை வெப்பமே ஏறிவிட்டதால், வறட்சியின் தயவு வெயிலுக்கு இனித் தேவையில்லை.

வெப்பம் ஏறினால் உறைபனியாவது குறைய வேண்டும் அல்லவா? இங்கேதான் கொடியின் கணக்கு நம்மை எச்சரிக்கிறது. 2021 மார்ச் இறுதியில் பிரான்ஸில் கோடையைப் போல் வெயில் அடித்தது. மொட்டுகள் முந்திக்கொண்டு கண் திறந்தன. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் தொடக்கத்தில், கடும் உறைபனி வந்தது. சீக்கிரம் துளிர்க்கும் ஷார்டனே மிக மோசமாக அடிபட்டது. பின்னர் இதை ஆராய்ந்த தட்பவெப்ப விஞ்ஞானிகள், அத்தகைய குளிர் இரவுகள் பொதுவாக அரிதாகிவருகின்றன என்றாலும், துளிர்விட்ட பிறகு அவை தாக்கும் வாய்ப்பை மனிதர்கள் உண்டாக்கிய வெப்பமயமாதல் ஏறத்தாழ 60 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். குளிர் குறைகிறது. ஆனால் கொடி அதைவிட வேகமாக முன்னே வந்து, எஞ்சிய குளிருக்குள் நிற்கிறது.

முந்துவது என்பது நாட்காட்டியில் சில தாள்கள் நகர்வது மட்டுமல்ல. செப்டம்பர் கடைசியில் குளிர்ந்த இரவுகளோடு பழுத்த பழம், இப்போது ஆகஸ்டின் நீண்ட பகலிலும் வெம்மையான இரவிலும் பழுக்கிறது. நிலம் அதே நிலம், ரகம் அதே ரகம். ஆயினும் பழுக்கும் அந்தக் கடைசி வாரங்களில் பழம் வேறொரு நாட்டில் இருக்கிறது என்றே சொல்லலாம். இடம் பெயராமலே ஒரு பயிரைப் புலம்பெயர்த்துவிடுகிறது வெப்பமயமாதல்.

பர்கண்டி விவசாயிகள் கைகட்டி நிற்கவில்லை. மொட்டு பிந்தித் திறக்கட்டும் என்று கவாத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். முன்பு வெயில் படுவதற்காகக் குலையைச் சுற்றிக் கிள்ளிய இலைகளை இப்போது நிழலுக்காக விட்டுவைக்கிறார்கள். விடியற்காலையில் பறித்து, பழம் சூடேறுமுன் கொண்டுபோகிறார்கள். முன்பு பழம் சரியாகப் பழுக்காது என்று கருதப்பட்ட, சரிவுக்கு மேலே உள்ள குளிர்ந்த மேட்டு நிலங்களை நாடுகிறார்கள். பினோவுக்குள்ளேயே மெதுவாகப் பழுக்கும் வகைகளைத் தேடுகிறார்கள். இவை நல்ல முயற்சிகள், ஆனால் ஓரளவுக்கே பயன்படும். இரண்டு டிகிரிக்குள் வாழும் ஒரு ரகத்துக்கு ஒதுங்க இடம் மிகக் குறைவு.

ஒயினைச் சுவைக்காதவருக்கும் இந்தக் கதை சொந்தம். போன் நகரத்துக் கணக்கர்கள் ஆறரை நூற்றாண்டுகளாக வானம் செய்ததை எழுதினார்கள். வானத்தை மாற்றும் வலிமை அவர்களுக்கும் இல்லை, அவர்களுடைய அரசர்களுக்கும் இல்லை. இன்று அந்த வரிசையில் ஆண்டுதோறும் சேரும் புதிய தேதியில் நாம் எரிக்கும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பங்கு இருக்கிறது. அது வருத்தத்துக்குரிய செய்திதான், ஆனால் கையாலாகாத செய்தி அல்ல. எரிமலையிடம் நாம் பேச முடியாது. நம் கையால் ஏறிய வெப்பத்தை நம் கையாலேயே நிறுத்த முடியும். அடுத்த நூற்றாண்டின் அறுவடைத் தேதிகளை எழுதப்போவதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை அறிந்து வாழும் முதல் தலைமுறைகள் நாம்தான்.